ரிலே பேரு எடுத்த கதை

ஒரு பழைய காரு இருந்துச்சு. பின் சீட்டுல சாம்பார் வாசம் வீசும். கொட்டினது யாருங்கிறது பெரிய கதை, அதை விடு.

இன்ஜின் சூடானா ஃபேன் சுத்தும். "என்னமா சுத்துது!"ன்னு எல்லாரும் ஃபேனைத்தான் மெச்சுவாங்க. அதுக்குக் கரண்டு விடுற குட்டி ரிலேக்கு, இருட்டு டப்பாக்குள்ள வயிறு எரியும்.

"நான் விட்டாத்தானடா நீ சுத்துவ?"

"ஆமாக்கா, யாரு இல்லேன்னாங்க?"

"இன்னைக்கு விடமாட்டேன். உன்னைக் கழட்டி வீசட்டும்."

இன்ஜின் கொதிச்சு ஆவி கக்குச்சு. மெக்கானிக் சேவியர் வந்து, பேட்டரியிலேர்ந்து நேரா ஃபேனுக்கு வயரைக் கொடுத்தாரு. ஃபேன் ஜம்முனு சுத்துச்சு.

"ஃபேன் தங்கமாட்டம் இருக்கு. ரிலேதான் போச்சு!"

முதல் தடவையா ஒருத்தர் வாயால தன் பேரைக் கேட்ட ரிலேக்குப் பூரிப்பு தாங்கல. குப்பைத் தொட்டியில விழுற வரைக்கும் அது குறையவே இல்ல.