சால்னாவுக்கு ஒரு தூக்கு

குளத்தூர் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய பரோட்டாக் கடையில் விளக்கு போட்டாயிற்று. கல்லில் முட்டை சீறுகிறது. கொத்துக் கரண்டிகள் தாளம் போடுகின்றன. கல்லாவுக்குப் பக்கத்தில், முன்பே கட்டி வைத்த சால்னாப் பைகள் ஊதிய தவளைகள் போல ஒன்றன்மேல் ஒன்று சரிந்து, சூட்டில் வியர்த்துக் கிடக்கின்றன. வனிதா அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூடி போட்ட எவர்சில்வர் தூக்கை மேசைமேல் ணங்கென்று வைக்கிறாள். வரிசையே திரும்பிப் பார்க்கிறது. சாலையோரம் வண்டியில் உட்கார்ந்திருக்கும் அவள் கணவன் கோபிநாத் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதாம்.

“பார்சல் கட்டி ரெடியா இருக்குங்க,” என்கிறார் பரோட்டா மாஸ்டர்.

“கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக்குல ஊத்துனத எம்புள்ளைகளுக்குக் குடுக்க மாட்டேன். இதுல ஊத்துங்கண்ணே. பரோட்டாவ எலையில வச்சுக் குடுங்க.” வரிசைக்கும் கேட்கும்படி உரக்கவே சொல்கிறாள்.

மாஸ்டர் அண்டாவுக்குள் கரண்டியை விடுகிறார். பைக்கு எவ்வளவு என்று அவர் கைக்குத் தெரியும். தூக்குக்கு எவ்வளவு என்று தெரியவில்லை. முதல் கரண்டி அடியில் காணாமலே போகிறது. பாதியோடு நிறுத்த அவருக்கே கூச்சமாக இருக்கிறது. இன்னும் ஊற்றுகிறார். எண்ணெய் மினுங்க, சோம்பு மணக்க, சால்னா கழுத்துவரை ஏறுகிறது. வனிதா மூடியை அழுத்தி மூடிக்கொண்டு வண்டிக்கு வருகிறாள். கோபிநாத் தூக்கை வாங்கிக் கனம் பார்க்கிறான். மெல்ல ஹெல்மெட்டைக் கழற்றுகிறான்.

“ஏன் வனிதா, வீட்டுல இதவிடப் பெரிய தூக்கு இல்லையா?”