மூணாவது தேதி

கல்லறைக் கல்லுல எழுத்து வெட்டுறவர் உளியைக் கீழே வெச்சுட்டுத் தலையைச் சொறிஞ்சார்.

"பிறப்பு, இறப்பு ரெண்டும் வெட்டியாச்சு. கீழ எதுக்கும்மா இவ்ளோ இடம்?"

"இன்னொரு தேதி வரும்ணே."

"வாயைக் கழுவும்மா! இந்த வயசுலயே உனக்கு இடம் புடிக்கிறியா?"

"எனக்கில்லண்ணே."

"அப்ப வீட்டுக்காரருக்கா? அவருக்கு ஒடம்பு கிடம்பு முடியலையா?"

"அவரு நல்லாத்தான் இருக்காரு. இதுவும் பாப்பாவுக்குத்தான்."

"போன புள்ளைக்கு இன்னும் என்னம்மா தேதி?"

அவ குனிஞ்சு கல்லைத் தடவினா. பிறப்பும் இறப்பும் ஒரே தேதி.

"உயிர்ப்புன்னு வெட்டுங்கண்ணே. ஆண்டவர் எழுப்புற நாள் நமக்குத் தெரியாது, தேதியை மட்டும் காலியா விட்டுடுங்க. பொறந்தப்ப அவ அழவே இல்லண்ணே. எந்திரிக்கிற அன்னைக்காவது அந்தச் சத்தத்தை நான் கேக்கணும்."