மருமகனுக்கு ஒரு மீற்றர்

“கடைக்காரன் சொல்றத நம்பமாட்டீங்களோ ஐயா?” என்று சிரித்தான் அப்ஹாம்.

“என்ட அப்பனையே நான் நம்பினதில்ல. ரெண்டையும் பூட்டிக் காட்டு.”

மருமகன் பிரதீசின் டர்போ காருக்கு, எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மீற்றர் வாங்கக் காத்தான்குடிக்குப் போயிருந்தேன். டயருக்குக் காற்றடிக்கும் குழாயில் அப்ஹாம் விலை கூடியது, மலிவானது என்று இரண்டு மீற்றரையும் பூட்டினான். இருபது இறாத்தல் அழுத்தத்தில் காற்று விட்டான். ஒன்று இருபது காட்டியது. மற்றது பதினைந்தோடு நின்றுவிட்டது.

“பதினைஞ்சுக்கு மேல போனா எஞ்சின் உருகிடும் ஐயா. மலிவெண்டு இந்தப் பொய்யன வாங்கிடாதீங்க.”

“நிச்சயமா உருகுமா?”

“அல்லாஹ்மேல ஆணை.”

மலிவானதை எடுத்தேன்.

“மருமகனுக்குத்தானே ஐயா?” அவன் வாயைப் பிளந்தான்.

“ஓம். ஒரே மருமகன்.”

ஞாயிற்றுக்கிழமை கிரான் வீதியிலிருந்து பிரதீஸ் போனில் அழுதான். “மாமா, எஞ்சின் போயிட்டு! நீங்க தந்த மீற்றர் பதினைஞ்சுதானே காட்டினது!”

“அழாத மனே. கார்தானே.”

மகள் சுலோஜனா இடக்கையால் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வலக்கை மாவுக்கட்டில் இருந்தது. காரில் ஒரு கீறல் போட்டாள் என்று அவன் முறித்த கை அது.