ஆணிக்கு நாலு விரல் கீழே

மாம்பழம் கொய்யாவைவிட இனிப்பானது.

ஆங்கிலத்தில் அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அவள் கையைத் தட்டிக்கொண்டாள். ஏழாம் வகுப்பு குனிந்து எழுதியது.

ஒரு வாரமாக யோசித்துப் பிடித்த உதாரணம். மாம்பழத்தால் யாருக்கும் எந்தக் கேடும் இல்லை.

மூன்றாம் பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. போன வாரம் கோவில்பட்டியிலிருந்து வந்து சேர்ந்த பெண். எட்டாம் வகுப்பு அக்கா யாரிடமோ பழைய நோட்டை வாங்கி வைத்திருந்தாள்.

"டீச்சர், இதுல வேற எக்ஸாம்பிள்லா இருக்கு. ஐரின் இஸ் ஷார்ட்டர் தேன் கிளாடிஸ்."

பக்கத்தில் இருந்தவள் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

பாவம், புதுப் பிள்ளை. அதற்கு என்ன தெரியும்.

வருஷா வருஷம் இந்தப் பாடத்துக்கு டீச்சர் தன் இரண்டு மகள்களையும் அவரவர் வகுப்பிலிருந்து கூப்பிட்டு, கரும்பலகையை அடுத்த சுவரோடு ஒட்டி நிற்க வைப்பாள். மூத்தவள் கிளாடிஸ் தன்பாட்டுக்கு நிற்பாள். சின்னவள் ஐரினுக்கு ரோஷம். குதிகாலைத் தூக்கிக்கொள்வாள்.

"ஏட்டி, காலக் கீழ வை" என்று தோளைப் பிடித்து அழுத்துவாள். பிள்ளைகள் சிரித்து மாளாது.

போன வருஷம் கிளாடிஸின் உச்சந்தலை, மேப் மாட்டும் ஆணியைத் தொட்டது. ஐரின் நாலு விரல் கீழே.

தை மாதம் வந்த காய்ச்சல் ஐந்தே நாளில் கிளாடிஸைக் கொண்டுபோய்விட்டது.

முதல் பெஞ்சிலிருந்து ஐரின் எழுந்தாள். இந்த வருஷம் அவளும் இந்த வகுப்புதான்.

யாரும் கூப்பிடவில்லை. நேரே வந்து சுவரோடு முதுகை ஒட்டி நின்றாள். பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்தாள்.

போட்டிருந்தது அக்காவின் யூனிஃபார்ம். ஜூன் மாதம் போட்டுப் பார்த்தபோது அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. மடிக்கவும் வேண்டியிருக்கவில்லை, பிரிக்கவும் வேண்டியிருக்கவில்லை.

அம்மா ஆணியை நிமிர்ந்து பார்த்தாள்.

ஐரினின் தலை அதே நாலு விரல் கீழேதான் இருந்தது.

பார்வையைக் கீழே இறக்கினாள்.

முழங்கால்கள் மடங்கியிருந்தன. பாவாடைத் துணி அங்கே புடைத்து, லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்துக்குள் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். இன்றுவரை ஐரின் அதை மீறியதில்லை.

"எழுதும்மா" என்றாள் ஐரின்.

காலை நேராக வை என்று சொல்ல வாய் வரவில்லை.

மாம்பழத்தை அழித்தாள்.

கண்ணுக்குப் பலகையே சரியாகத் தெரியவில்லை. பிள்ளைக்குக் கால் வலிக்குமே என்று அந்தப் பழைய உதாரணத்தை வேகவேகமாக எழுதினாள்.