ராமாத்தாள் போட்ட கையெழுத்து

"ஏனுங்க வக்கீலுங்க, அந்தக் காயிதத்தை எடுங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றனுங்க."

திங்கட்கிழமை காலை, கோயம்புத்தூர் அலுவலகத்தைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே வந்து நின்ற ராமாத்தாளைப் பார்த்து வக்கீல் சென்னகிருஷ்ணன் எழுந்துவிட்டார்.

"உக்காருங்கம்மா. கருமத்தம்பட்டியில இருந்து தனியாவா வந்தீங்க?"

"ஆமாங்க. மொத பஸ்ஸைப் புடிச்சு வந்தனுங்க. நாளைக்கின்னா மறுபடியும் மனசு மாறிப்போயிருமோன்னு பயம்."

ராமாத்தாளின் ஒரே மகன் சரவணன் வளைகுடா நாடு ஒன்றில் வெல்டராக இருந்தான். தொண்ணூற்றாறாம் வருடக் கோடையில், அறையிலிருந்த ஒரே ஃபேனை யார் பக்கம் திருப்புவது என்று ஆரம்பித்த தகராறில், கூடத் தங்கியிருந்த ஆனைமலைக்காரன் மாசாணம் ஸ்பேனரால் அடித்துவிட்டான். ஒரே அடிதான். சரவணன் எழுந்திருக்கவில்லை. அந்த ஊர்க் கோர்ட்டு மாசாணத்துக்கு மரண தண்டனை விதித்தது. இறந்தவனைப் பெற்றவள் மன்னித்து எழுதிக் கொடுத்தால் மட்டும் அவன் உயிர் தப்பும்.

மாசாணத்துக்காக வாதாடிய யூசுஃபும் சென்னகிருஷ்ணனும் நாற்பது நாட்டு வக்கீல்கள் சேர்ந்த ஒரு சங்கத்தில் உறுப்பினர்கள். சிங்கப்பூர் மாநாட்டில் ஒரே ஒரு முறை பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்ட பழக்கம். 'அந்தத் தாயிடம் நீங்கள் பேசிப் பாருங்கள்' என்று யூசுஃப் ஃபேக்ஸ் அனுப்பியதிலிருந்து சென்னகிருஷ்ணன் நான்கு முறை கருமத்தம்பட்டிக்குப் போய்வந்தார். நான்கு முறையும் ராமாத்தாள் முடியாது என்று அனுப்பிவிட்டார்.

"போன மாசம் வந்தப்ப உங்களுக்கு ஒரு வாய் தண்ணி கூடக் குடுக்கலீங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா." சென்னகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாராச்சும் கட்டாயப்படுத்துனாங்களா? அவங்க ஊட்டுல இருந்து வந்து பேசுனாங்களா?"

"ஆரும் வரலீங்க."

"அப்புறம் எப்படிங்கம்மா?"

ராமாத்தாள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். தறிக்குடோனில் வேலை செய்து காது கொஞ்சம் மந்தமாகிப்போனதால் எப்போதும் உரக்கப் பேசுகிறவர், இப்போது குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணை மூடுனா எம் பையன் மூஞ்சி வர மாட்டேங்குதுங்க. அந்த மாசாணம் மூஞ்சிதான் வருது. நீங்க காட்டுன போட்டாவுல பாத்தது. காத்தால எந்திரிச்சா, இவன் இன்னிக்குச் சாவானா நாளைக்குச் சாவானான்னுதான் மொத நெனப்பு. நேத்து அவிநாசிக் கோயலுக்குப் போயி சரவணன் பேருக்கு அர்ச்சனை சொன்னனுங்க. ஐயரு என்ன நட்சத்திரம்னு கேட்டாரு. எனக்கு மறந்துபோச்சுங்க. பெத்தவளுக்கு மறந்துபோச்சு."

சென்னகிருஷ்ணன் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"அவனை உட்டுப்போட்டா எம் பையன் எனக்குத் திரும்பக் கெடைப்பான்னு தோணுதுங்க. எழுதுங்க."

டைப்பிஸ்ட் லட்சுமியம்மாள் எப்போதோ அடித்து வைத்திருந்த மன்னிப்புக் கடிதத்தை ஃபைலிலிருந்து எடுத்து வந்து வைத்தார். சென்னகிருஷ்ணன் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார். ராமாத்தாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு பேனாவை இறுக்கிப் பிடித்து, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். முடிப்பதற்குள் நெற்றி வியர்த்துவிட்டது.

சாட்சிக் கையெழுத்துப் போட்ட லட்சுமியம்மாள் நிமிரவேயில்லை.

வக்கீல் கடிதத்தை ஃபேக்ஸ் மெஷினில் வைத்து நம்பரை அழுத்தினார். மெஷின் கீச்சிட்டு அதை மெதுவாக இழுத்து மறுபக்கம் தள்ளியது. ராமாத்தாள் எழுந்துபோய்ப் பார்த்தார்.

"காயிதம் இங்கயே கெடக்குதுங்களே?"

"எழுத்து மட்டும் போகுமுங்கம்மா. அங்க அவரு மெஷின்ல இதே மாதிரி வந்துரும்."

"எங்கையெழுத்துமா?"

"உங்க கையெழுத்தும்தான்."

ராமாத்தாள் நாற்காலிக்குத் திரும்பி ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தார். முகம் லேசாகிவிட்டிருந்தது.

"ஆனைமலையில அவங்கம்மா இருக்குதாமுங்களே. நான் போனா நல்லா இருக்காது. நீங்களே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

"நானே போறனுங்கம்மா."

"முன்னாடியே போட்டுக் குடுத்திருக்கோணும். ஒரு வருசம் அவன் உசுரைக் கையில புடிச்சுட்டு உக்காந்திருப்பான். பாவம்தானுங்க." வாசல்வரை போனவர் திரும்பினார். "ரோகிணிங்க. சரவணன் நட்சத்திரம். இப்ப ஞாபகம் வந்திருச்சு. வாரனுங்க."

அவர் படியிறங்கித் தெருவில் மறையும்வரை இருவரும் அசையவில்லை.

"யாருக்குங்க சார் அனுப்புனீங்க?" என்றார் லட்சுமியம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"யூசுஃபுக்குத்தான். வேற யாருக்கு அனுப்பறது? கேஸ் கட்டுல இருக்கட்டும்."

சென்னகிருஷ்ணன் மேஜை இழுப்பறையைத் திறந்தார். சனிக்கிழமை யூசுஃபிடமிருந்து வந்திருந்த இரண்டு வரியை மறுபடியும் படித்தார்: 'நேற்றுக் காலை தண்டனை நிறைவேற்றப்பட்டது. கோயம்புத்தூரிலிருந்து கடிதம் வந்துவிட்டதா என்று மாசாணம் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தான்.'