அப்பாவுக்கு ஒரு பேட்டரி பிரஷ்

பெற்றோரைப் பேணுகிறவனே மனிதன் என்பது மேனேஜரின் கொள்கை. ஆபீஸ் கூட்டங்களில் மூன்று முறை பேசியிருக்கிறார். கடையில் பல் பிரஷ் வாங்கும்போதும் பேசினார்.

"அப்பாவுக்குக் கை நடுங்குதும்மா. சார்ஜ் போடுற தொல்லை வேண்டாம். பேட்டரியில ஓடுற மாதிரி, ஒரே பட்டனோட சாதாரணமா ஒண்ணு குடு."

"பல் கூச்சம் இருக்கா சார்?" என்றாள் கடைப்பெண்.

"அவருக்கா? கல்லைக் கடிச்சா கல்லுதான் உடையும்."

மாடியிலிருந்து, கீழ்வீட்டில் இருக்கும் அப்பாவுக்குப் பிரஷை மனைவியிடம் கொடுத்தனுப்பினார்; மேனேஜருக்கு மீட்டிங்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் கீழே குளியலறையில் 'விர்ர்' என்று சத்தம் கேட்டது. மேனேஜருக்கு உச்சி குளிர்ந்தது.

ஒருநாள் அரைமணி நேரமாகியும் சத்தம் நிற்கவில்லை. பதறிப்போய் இறங்கிக் கதவைத் தள்ளினார். பிரஷ் வாஷ்பேசினில் கிடந்து தன்பாட்டுக்கு அதிர்ந்துகொண்டிருந்தது. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

"சத்தம் கேட்டா நீ சந்தோஷப்படுறியாமே, மருமக சொன்னா. அதான் தினம் போட்டுவிடுறேன். இன்னிக்கு நிறுத்த மறந்துட்டேன்பா."

சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த வாயில் ஒரு பல்கூட இல்லை. கடைசிப் பல் விழுந்தே ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.