தலை மட்டும்

“தல மட்டும்தானட்டி மாத்திருக்கு. மத்ததெல்லாம் நீதான,” என்றார் அப்பா வேல்சாமி, படத்தின் கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டே.

முத்துசெல்வி சுவரையே பார்த்தாள். அவளுடைய பட்டமளிப்பு விழாப் படம். அவளுடைய கறுப்பு கவுன், அவளுடைய தொப்பி, சுருட்டிய பட்டத்தைப் பிடித்திருக்கும் அவளுடைய விரல்கள். தொப்பிக்கும் கழுத்துக்கும் நடுவே மட்டும், மீசையோடு அண்ணன் விஜய்பாண்டி சிரித்துக்கொண்டிருந்தான்.

கையில் இருந்த வளையலை ஸ்டுடியோக்காரர் அழித்துவிட்டார். சிநேகிதி ஜுஹைனா வைத்துவிட்ட மருதாணியை அழிக்கப் போனால் விரலும் சேர்ந்து போகிறது என்று அப்படியே விட்டுவிட்டாராம்.

“வீட்ல எனக்குன்னு இருந்தது அந்த ஒரு படம். அதுலயா கை வைக்கணும்?”

“இவனுக்குப் பேசியிருக்க இலத்தூர்ப் பொண்ணு எம்.காம். பன்னெண்டாப்புல ரெண்டு மட்டம் விழுந்தவனுக்கு எவன் குடுப்பான்? பி.காம்.னு சொல்லிட்டேன். சொன்னா சுவத்துல போட்டோ இருக்கணும்லா.”

“அவனுக்கே ஒரு கவுன மாட்டி எடுக்க வேண்டியதுதான.”

“கவுன் தோள்ல ஏறலட்டி,” என்றான் விஜய்பாண்டி, தலை வாரிக்கொண்டே. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி தூக்கித் தூக்கி வளர்ந்த தோள்.

“சரி, போன்ல இருக்கற எம் படத்தயும் பிரிண்ட் போட்டுப் பக்கத்துல மாட்டுங்க.”

“ரெண்டுலயும் ஒரே கையி இருந்தா கண்டுபிடிச்சிர மாட்டாவளா? ஒரு வீட்டுக்கு ஒரு பட்டம் போதும். கேட்டா நீயும் பன்னெண்டாப்புன்னு சொல்லு. ரெண்டு புள்ளயும் டிகிரின்னா எவனும் நம்ப மாட்டான்.”

மூன்று வருடம் காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் நின்றபடியே போய்ப் படித்தவள் அவள். அந்த வம்சத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இன்று மத்தியானத்துக்குள் அதுவும் இல்லை என்று ஆகிவிடும். இலத்தூர்ப் பொண்ணு ஜெயபிரியாவை நினைத்தால் இன்னும் எரிந்தது. அவளும் இப்படித்தானே பஸ்ஸுக்கு ஓடிப் படித்திருப்பாள். அவளிடம் போய் இந்தப் பித்தலாட்டமா?

பதினோரு மணிக்கு ஜெயபிரியாவின் அப்பா அய்யாத்துரையும் அம்மா சுகிர்தமும் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். சாரல் நன்றாக விழுகிறது, திரும்பும்போது ஐந்தருவியில் குளித்துவிட்டுப் போகலாம் என்று பையில் எண்ணெய், துண்டு சகிதம் வந்திருந்தார்கள்.

அய்யாத்துரை நேராகச் சுவருக்குப் போனார்.

“மாப்ள அப்ப ஒல்லியா இருந்திருக்காரு.”

“படிச்சிப் படிச்சி இளைச்சிட்டான் அண்ணாச்சி,” என்றார் வேல்சாமி.

“கையில என்னது, மருதாணியா?” என்றாள் சுகிர்தம்.

“சூட்டுக்கு வச்சது. பரீட்ச சூடு,” என்றான் விஜய்பாண்டி.

அய்யாத்துரை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னும் நெருங்கினார். “மாப்ளய எங்கயோ பாத்த மாதிரியே இருக்கு.”

“மார்க்கெட்ல...” என்று வாயைத் திறந்த மகனின் காலை வேல்சாமி மிதித்தார். “பேங்க்ல பாத்திருப்பீய.”

மிக்சர் தட்டோடு வந்த முத்துசெல்வியைச் சுகிர்தம் பக்கத்தில் கூப்பிட்டாள். “நீ என்னம்மா படிச்சிருக்க?”

வேல்சாமி முந்திக்கொண்டார். “பன்னெண்டாப்பு. அதுக்கு மேல அவளுக்கு மண்டையில ஏறல.”

தட்டு மேஜையில் விழுந்த வேகத்தில் மிக்சர் பாதி தரைக்குப் போனது. முத்துசெல்வி போனைத் திறந்து அய்யாத்துரையின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“இங்கன பாருங்க. இதுதான் அசல். கவுனு என்னோடது, கை என்னோடது, பி.எஸ்சி.யும் என்னோடது. சுவத்துல இருக்கறதுல எங்க அண்ணனுக்குச் சொந்தம் மூஞ்சி மட்டும்தான். அவன் பன்னெண்டாப்பு பெயிலு. உங்க பொண்ணு கஷ்டப்பட்டுப் படிச்ச புள்ள. ஏமாந்துராதீய.”

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். வேல்சாமி ஃபேனைப் பார்த்தார். விஜய்பாண்டி குனிந்து மிக்சர் பொறுக்க ஆரம்பித்தான்.

அய்யாத்துரை போனைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். விறுவிறுவென்று வெளியே போய்விடுவார் என்று முத்துசெல்வி காத்திருந்தாள். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“எந்த ஸ்டுடியோ?”

“தென்காசிலதான். பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல, மாடில,” என்றார் வேல்சாமி ஈனக் குரலில்.

சுகிர்தத்தின் முகம் செத்துப்போனது. மெல்லப் பையைத் திறந்து, துண்டில் சுற்றி வைத்திருந்த கண்ணாடிச் சட்டத்தை வெளியே எடுத்தாள். மாப்பிள்ளை படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவதற்கென்று கொண்டுவந்த, ஜெயபிரியா பட்டம் வாங்கிய படம். தொப்பிக்குக் கீழே ஜெயபிரியா சிரித்தாள். கழுத்துக்குக் கீழே, மருதாணி விரல்களோடு, வளையலும் அழியாமல், முத்துசெல்வி பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆளுக்கொரு உடம்புதான் போடுவேன்னு சொன்னாருல்லா அந்த ஸ்டுடியோக்காரரு,” என்றாள் சுகிர்தம், புருஷனைப் பார்த்து.